காற்றில்லாத வெளியில் சிறகுகள்: விண்வெளி டிராகன்களும் இளையோர் அறிவியல் மிகுபுனைவும்

சிறகு என்பது காற்றைத் தள்ளுகிற உறுப்பு. நெருப்பு எரிய ஆக்சிஜன் வேண்டும். விண்வெளியில் காற்றும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. சிறகடித்து நெருப்பைக் கக்கும் டிராகனுக்கு அங்கே இடமே இல்லை என்றுதான் நியாயமாகத் தோன்றும். ஆனாலும் 1950-களின் தொடக்கத்திலிருந்து, ஆங்கிலத்தில் இளையோருக்காக எழுதியவர்களும் இளையோர் தேடிப் படித்த எழுத்தாளர்களும் டிராகனை மறுபடி மறுபடி வேற்றுக் கோள்களுக்கும் விண்மீன்களின் நடுவெளிக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் நடுவே நிற்கும் இந்த வகையை அறிவியல் மிகுபுனைவு என்கிறோம். இதை இரண்டுங்கெட்டான் வகை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மாயம் வேண்டுமானால் மாயக்கதை இருக்கிறது, அறிவியல் வேண்டுமானால் அறிவியல் கதை இருக்கிறது, இரண்டையும் ஏன் கலக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராகன் என்ன தின்னும், அதன் நெருப்பு எங்கிருந்து வருகிறது, ஒரு முறை பறந்தால் அதற்கும் அதன்மேல் இருப்பவருக்கும் என்ன இழப்பு என்பதற்கெல்லாம் ஒரு விதியை வகுத்து, கடைசிப் பக்கம் வரை அதற்குக் கட்டுப்படுகிற கதைகள் நிலைத்திருக்கின்றன. அந்த விதி நிஜ அறிவியலோடு முழுக்கப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் படிக்கிற பதினொரு வயதுப் பிள்ளை கையில் பென்சிலோடு உட்கார்ந்து சரிபார்க்கும்படி அது இருக்க வேண்டும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஒரு விலங்கின் நீளத்தை இரு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். பறக்கும் உயிர்கள் ஓர் அளவுக்கு மேல் பெருக்க முடியாததற்கு இதுவே காரணம். பூமியில் பறந்தவற்றுள் மிகப் பெரிய உயிர்களில் ஒன்று கெட்சால்கோட்லஸ் என்ற தொல் ஊர்வன. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதன் எலும்புகள் கிடைத்தன. சிறகுகளை விரித்தால் பத்து மீட்டருக்கு மேல் வரும். எடை 200 முதல் 250 கிலோ இருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. யானை அளவு உடம்போடு, முதுகில் ஆளையும் ஏற்றிக்கொண்டு பறக்கும் டிராகன் இந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

ஆனால் இது பூமியின் எல்லை. சனிக்கோளின் நிலவான டைட்டனில் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான். அங்குள்ள காற்று நம் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. தோளில் சிறகு கட்டிக்கொண்டால் மனிதரே பறக்கலாம் என்னும் அளவுக்குச் சாதகமான இடம் அது. ஆகவே கதாசிரியர் தன் டிராகனை டைட்டனுக்கு அனுப்பினால் பறக்கும் சிக்கல் தீர்ந்துவிடும். உடனே அடுத்த சிக்கல் வரும். டைட்டனில் மீத்தேன் மழையாகப் பெய்கிறது, மீத்தேன் ஏரிகள் இருக்கின்றன, ஆனால் காற்றில் ஆக்சிஜன் இல்லை. எரிபொருள் கடலாக இருந்தும் ஒரு தீப்பொறிகூடப் பற்றாது. டிராகன் பறக்கும், ஆனால் நெருப்பைக் கக்க முடியாது. இப்படி ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்வதில்தான் இந்த வகைக் கதைகளின் உயிர் இருக்கிறது. கதைக்குத் திருப்பம் தருவதும் எழுத்தாளருக்கு ஒழுங்கு கற்பிப்பதும் அதுவே.

நெருப்புக்கும் வழி உண்டு. பாம்பார்டியர் என்று அழைக்கப்படும் வண்டுகள் ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் இரு வேதிப்பொருள்களை வயிற்றில் சேர்த்து வைத்திருக்கின்றன. எதிரி நெருங்கினால் அவற்றை நொதிகள் உள்ள தனி அறைக்குள் செலுத்துகின்றன. கொதிநிலையை எட்டும் சூட்டில் திரவம் பீறிட்டு வெளியேறும். விண்கலங்களின் உந்துபொறிகள் பலவும் இதற்கு நெருக்கமான முறையில்தான் இயங்குகின்றன. எரிபொருளும் அதை எரிக்கும் பொருளும் தனித்தனிக் கலங்களில் இருக்கும், சேர்ந்த கணத்தில் தாமே பற்றிக்கொள்ளும், வெளிக்காற்று தேவையில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் விண்கலத்துக்கு டிராகன் என்று பெயர், அதன் சிறு உந்துபொறிகளுக்கு டிரேகோ என்று பெயர். அந்த டிரேகோ பொறிகள் வேலை செய்வது இப்படித்தான். 2020 மே 30-இல் இரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கலம் புறப்பட்டபோது, வெற்றிடத்தில் நெருப்புக் கக்கும் டிராகன் ஒன்று உண்மையாகவே விண்வெளிக்குப் போனது. இரு சுரப்பிகள் உள்ள டிராகனை எந்தச் சிறார் எழுத்தாளரும் தயங்காமல் படைக்கலாம், வேதியியல் அவர் பக்கம் இருக்கிறது.

கால்களின் எண்ணிக்கை இன்னொரு பழைய சிக்கல். நான்கு கால், இரண்டு சிறகு என்றால் ஆறு உறுப்புகள். முதுகெலும்புள்ள உயிர் எதற்கும் அப்படி அமைந்ததில்லை. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்கால்களே சிறகாயின. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் ஒரு பறக்கும் ஓணான் இருக்கிறது. அறிவியலில் அதன் பேரினப் பெயரும் டிரேகோதான். அதன் சிறகு கால்களில் இல்லை. நீண்ட விலா எலும்புகள் தோலை விசிறியாக விரித்துப் பிடிக்கின்றன, நான்கு கால்களும் கால்களாகவே இருக்கின்றன. சிறகடிக்க அதனால் முடியாது, சறுக்கத்தான் முடியும். என்றாலும் ஆறு உறுப்புச் சிக்கலுக்கு இயற்கையே கண்ட தீர்வு இது.

வெற்றிடத்தில் சிறகுக்கு என்ன வேலை? சூரிய ஒளி ஒரு பரப்பின்மீது படும்போது அதைச் சிறிதளவு தள்ளுகிறது. ஜப்பான் 2010-இல் ஏவிய இக்காரோஸ் கலம், வெள்ளிக்கோளை நோக்கிய பயணத்தில் இந்த விசையால் உந்தப்படுவதைச் செய்துகாட்டியது. டிராகனின் சிறகைப் பாய்மரமாக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூமி இருக்கும் தொலைவில், ஒளியை முழுக்கத் திருப்பும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் படும் விசை சுமார் 9 மைக்ரோநியூட்டன். ஒரு டன் எடையும் 1,000 சதுர மீட்டர் சிறகும் உள்ள டிராகன் அசையாமல் நின்று கிளம்பினால், ஒரு நாள் முழுக்க ஒளியில் நனைந்த பிறகு அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஓர் ஆண்டு பொறுத்தால் நொடிக்கு 280 மீட்டரைத் தாண்டும். அவசரமே இல்லாத, ஆயிரமாண்டு வாழ்கிற, மிக மெல்லிய சிறகுள்ள ஒரு விலங்கை இந்தக் கணக்கு நம் கண்முன் நிறுத்துகிறது. அப்படி ஒரு விலங்கைப் பற்றிய கதையைப் படிக்க எனக்கு மிகுந்த ஆவல்.

இனி புத்தகங்களுக்கு வருவோம். ராபர்ட் ஹைன்லைன் 1951-இல் இளையோருக்காக எழுதிய ‘பிட்வீன் பிளானட்ஸ்’ நாவலில் வெள்ளிக்கோளைச் சேர்ந்த டிராகன் ஒன்று வருகிறது. அது இயற்பியல் அறிஞர். மனிதர் நாவுக்கு வராத தன் பெயருக்குப் பதிலாக சர் ஐசக் நியூட்டன் என்ற பெயரை வைத்துக்கொண்டு, பேச்சுக் கருவி ஒன்றின் மூலம் உரையாடுகிறது. 1962 டிசம்பரில் மாரினர் 2 கலம் வெள்ளியைக் கடந்துபோய், அது கொதிக்கும் உலை என்று காட்டிவிட்டது. சதுப்பும் மூடுபனியும் நிறைந்த ஹைன்லைனின் வெள்ளிக்கோள் அன்றோடு அழிந்தது. ஆனால் அந்த டிராகன் அழியவில்லை. சவாரிக்கும் சண்டைக்கும் காவலுக்கும் பயன்படும் மிருகமாக இல்லாமல், தொழிலும் குடும்பமும் மரியாதையும் உள்ள ஒருவராக டிராகனைப் பார்த்த கதை அது. பின்னால் வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் ஹைன்லைனைவிடப் பின்தங்கியே இருக்கிறார்கள்.

கார்ட்வெய்னர் ஸ்மித்தின் ‘தி கேம் ஆஃப் ராட் அண்ட் டிராகன்’ 1955-இல் வெளியான சிறுகதை. விண்மீன்களுக்கு நடுவிலுள்ள இருளில் ஏதோ ஒன்று கப்பல்களைத் தாக்குகிறது. மனிதர்களின் மனத்துக்கு அது டிராகனாகத் தெரிகிறது. அவர்களோடு துணைக்குப் போகும் பூனைகளுக்கோ அது எலி. பூனைகள் மனிதரைவிட வேகமாகப் பாய்ந்து, ஒளிக்குண்டுகளால் அதைக் கொல்கின்றன. ஒரே பயம் இரு உயிர்களுக்கு இரு வடிவில் தெரிகிறது என்ற இந்த யோசனை பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும், பெரியவர்களுக்கும் நெடுநாள் மனத்தில் தங்கும். ஜாக் வான்ஸின் ‘தி டிராகன் மாஸ்டர்ஸ்’ (1962) பெரியவர்களுக்காக எழுதப்பட்டது, அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது பெற்றது. அதில் மனிதர்கள் தாங்கள் சிறைப்பிடித்த வேற்றுலக உயிர்களைத் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கிப் போர் டிராகன்களாக மாற்றுகிறார்கள். அந்த வேற்றுலகத்தாரோ சிறைப்பட்ட மனிதர்களை அதே போலப் போர் மிருகங்களாக்கி அழைத்து வருகிறார்கள். இரு படைகளும் மோதும் காட்சிகள், போர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நூறு அறிவுரைகளைவிட அதிகம் சொல்கின்றன.

இந்த மரபின் நடுநாயகம் ஆன் மெக்காஃப்ரிதான். ‘வெயர் சர்ச்’ என்ற அவரது குறுநாவல் 1967 அக்டோபரில் ‘அனலாக்’ இதழில் வந்தது. 1968-இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தபோது, புனைவுக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். அதன் தொடர்ச்சியான ‘டிராகன்ரைடர்’ நெபுலா விருதையும் வாங்கித் தந்தது. இரண்டும் சேர்ந்து 1968-இல் ‘டிராகன்ஃபிளைட்’ நாவலாயின. தான் எழுதுவது மாயக்கதை அல்ல, அறிவியல் புனைகதை என்று அவர் கடைசிவரை வலியுறுத்தி வந்தார். அந்த உரிமை அவருக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பெர்ன் என்ற கோளில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். செவ்விண்மீன் என்று அவர்கள் அழைக்கும் இன்னொரு கோள் நீண்ட சுற்றுப்பாதையில் 250 ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கி வருகிறது. வரும்போதெல்லாம் வானத்திலிருந்து இழை இழையாக ஒரு நுண்ணுயிர் பொழிகிறது. பயிர், மரம், ஆடுமாடு, மனிதர் என்று உயிருள்ள எதையும் அது தின்றுவிடும். நெருப்பும் தண்ணீரும்தான் அதை அழிக்கும். மண்ணில் விழுமுன் வானத்திலேயே அதை எரிக்க வேண்டும், அதற்கு டிராகன்கள் வேண்டும். பாஸ்பீன் வாயு பொதிந்த ஒரு கல்லை அவை மென்று, இரண்டாம் வயிற்றில் செரித்து, எரியும் வாயுவாக வெளிவிடுகின்றன. கல் தீர்ந்தால் நெருப்பும் தீர்ந்தது. கோளிலேயே இருந்த சிறு நெருப்புப் பல்லிகளிலிருந்து, குடியேறிய முதல் தலைமுறையின் மரபணு அறிஞர் ஒருவர் இந்த டிராகன்களை உருவாக்கினார் என்பது 1988-இல் வந்த ‘டிராகன்ஸ்டான்’ நாவலில் தெரியவருகிறது. பூமியின் விலங்கு வழியில் வந்தவை அல்ல என்பதால் ஆறு உறுப்புச் சிக்கல் இங்கே எழவே இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அவை நொடியில் தாவும். ஆனால் நடுவில் சில மூச்சு நேரம் கடும் குளிரும் முழு இருளுமான இன்மையைக் கடக்க வேண்டும். போகவேண்டிய இடத்தை மனத்தில் தெளிவாகக் காணாதவர் திரும்புவதில்லை. எல்லா ஆற்றலுக்கும் இப்படி ஓர் எல்லை கட்டப்பட்டிருக்கிறது.

1991-இல் வந்த ‘ஆல் தி வெயர்ஸ் ஆஃப் பெர்ன்’ நாவலில் டிராகன்கள் நிஜமாகவே விண்வெளிக்குப் போகின்றன. மூதாதையர் விட்டுச்சென்ற கணினி ஒன்று வழிகாட்ட, பழைய குடியேற்றக் கப்பல்களின் எதிர்ப்பொருள் எந்திரங்களைச் செவ்விண்மீனுக்குச் சுமந்துபோய், வெடிக்கவைத்து, அதன் பாதையைத் திருப்புகிறார்கள். டிராகன்கள் வெற்றிடத்தில் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அவற்றின்மேல் ஏறிச்செல்லும் வீரர்களுக்கு விண்ணுடை வேண்டும், பயிற்சியில் தொடங்கி ஒவ்வொன்றும் படிப்படியாக நடக்கிறது. பல தொகுதிகளாகப் பழகிய விதிகள் எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்து பயன்படுகின்றன.

பெர்னின் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சூரியனை ஒத்த விண்மீனை 250 ஆண்டில் சுற்றும் கோள் சராசரியாகப் பூமி-சூரியத் தொலைவைப்போல் சுமார் 40 மடங்கு தள்ளி இருக்கும். நம் புளூட்டோவின் இடம் அது. அவ்வளவு நீண்ட பாதையில் வரும் ஒன்று உள்வட்டத்தைச் சில ஆண்டுகளில் கடந்துவிடும். கதையிலோ இழைப் பொழிவு ஐம்பது ஆண்டு நீடிக்கிறது. பெர்னின் சூரியனாக மெக்காஃப்ரி தேர்ந்தெடுத்த ருக்பாத், தனுசு மண்டலத்தில் சுமார் 180 ஒளியாண்டு தொலைவில் உண்மையிலேயே இருக்கிறது. கதையில் அது பொன்னிற விண்மீன், வானத்திலோ வெப்பம் மிகுந்த நீலவெள்ளை விண்மீன். இவற்றைக் குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் குறைகளைப் பள்ளிக்கூட இயற்பியலைக்கொண்டே ஒரு பிள்ளை கண்டுபிடிக்க முடிகிறது என்பது பெர்னுக்குப் பெருமை. விதியே இல்லாத மாய உலகில் தவறு கண்டுபிடிக்கும் இன்பம் கிடைக்காது.

பெர்ன் கதைகளில் இளையோருக்கென்றே எழுதப்பட்டவை மூன்று: ‘டிராகன்சாங்’ (1976), ‘டிராகன்சிங்கர்’ (1977), ‘டிராகன்டிரம்ஸ்’ (1979). முதல் இரண்டின் நாயகி மெனோலி, கடலோர மீனவக் குடியிருப்பில் பிறந்த பெண். பாட்டு அவளுக்கு மூச்சு. பெண் பாடகியானால் குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று அப்பா தடுக்கிறார். மீன் அறுக்கும்போது கையில் பட்ட வெட்டு கோணலாக ஆறும்படி அம்மாவே விட்டுவிடுகிறார், இனி வாத்தியம் வாசிக்க முடியாது என்று மகளை நம்பவைக்கிறார். வீட்டைவிட்டு ஓடி, கடலோரக் குகையில் தங்கும் மெனோலியோடு பொரிந்து வரும் ஒன்பது நெருப்புப் பல்லிகள் ஒட்டிக்கொள்கின்றன. கோளைக் காப்பாற்றும் பெரும்போரெல்லாம் பின்னணிக்குப் போய், ஒரு பெண்பிள்ளையின் பாட்டு உரிமை முன்னால் வருகிறது. அந்த அம்மா கை வைத்தியம் பார்க்கும் பக்கங்களைப்போல் கொடுமையானவை டிராகன் சண்டைகளில்கூட இல்லை. இந்த மூன்று நூல்களில் முதலாவதைத்தான் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைப்பேன்.

மெக்காஃப்ரியிடம் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த கணத்திலேயே டிராகன் ஒருவரைத் தேர்ந்து, வாழ்நாள் முழுக்க அவரோடு மனத்தால் பிணைந்துவிடுகிறது. தனிமையில் வாடும் பிள்ளைக்கு இதைவிட இனிய கனவு இருக்க முடியாது. ஆனால் அந்த டிராகனுக்குத் தன் வீரரை மறுக்கும் வாய்ப்பு ஒருநாளும் இல்லை. அன்பு இருக்கிறது, கோபித்துக்கொண்டு விலகிப்போகும் உரிமை இல்லை.

ஜேன் யோலன் இந்த இடத்தைத்தான் தொட்டார். 1982-இல் வந்த ‘டிராகன்ஸ் பிளட்’ நூலில் ஆஸ்டர் 4 என்ற பாலைவனக் கோள் வருகிறது. ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து கொட்டிய இடம். அங்கே டிராகன்களைச் சண்டைக்குழியில் மோதவிட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள். கொத்தடிமைப் பையன் ஜாக்கின், விடுதலைக்குப் பணம் சேர்க்க ஒரு குஞ்சைத் திருடி ரகசியமாக வளர்க்கிறான். அவன் சுதந்திரம் வேறோர் உயிரின் ரத்தத்தில் வருகிறது என்ற உண்மையை நூல் மறைப்பதில்லை. விடியலுக்கு முன் மனிதர் பிழைக்கவே முடியாத குளிர் அந்தக் கோளில் உண்டு. இரண்டாம் பாகத்தில் இறந்த டிராகனின் உடலுக்குள் புகுந்து பிழைக்கும் கட்டம், அந்தக் கோளின் தட்பவெப்ப விதியிலிருந்தே பிறக்கிறது. முதல் பாகத்தில் சாதாரணத் தகவலாகச் சொன்னது அங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

மேடலின் லெங்கிளின் ‘எ விண்ட் இன் தி டோர்’ (1973) வேறு வழியில் போகிறது. தோட்டத்தில் டிராகன்களைக் கண்டதாக ஆறு வயது சார்ல்ஸ் வாலஸ் சொல்கிறான். அது டிராகன் அல்ல, எண்ணற்ற சிறகும் கண்ணும் கொண்ட ஒரு வானவர். கதை விண்மீன்களிடையே போய்விட்டு, அந்தப் பையனின் உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியா உண்மை, அதற்குள் வாழும் ஃபாரண்டோலா அவர் கற்பனை. எது எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டாதது எனக்கு உறுத்தல்தான். ஆனால் ஓர் உயிரணுவையும் விண்மீன் திரளையும் ஒரே மூச்சில் நினைக்கப் பழக்குகிற நூல்கள் மிகக் குறைவு.

வானத்தில் பெரும்பாம்பைக் கண்ட பழக்கம் இந்த எழுத்தாளர்களோடு தொடங்கியதல்ல. சீன வானியலில் கிழக்குத் திசை முழுவதும் ஒரு நீல டிராகன். நாம் சித்திரை என்னும் விண்மீன் அதன் கொம்பு, கேட்டை அதன் இதயம், மூலம் அதன் வால். நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளை இடைக்கால ஐரோப்பியர் டிராகனின் தலை, டிராகனின் வால் என்றார்கள். நிலவு அந்தப் புள்ளிக்குத் திரும்பிவர எடுக்கும் 27.2 நாளை வானியலாளர் இன்றும் டிராகன் மாதம் என்றே குறிக்கிறார்கள். நமக்கு அந்தப் புள்ளிகள் ராகுவும் கேதுவும், கரும்பாம்பும் செம்பாம்பும். அவை வானத்தை ஒருமுறை சுற்றிவர 18.6 ஆண்டாகும். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை பெயர்ச்சி வருவது அதனால்தான்.

தமிழில் இளையோருக்கு எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இந்த வானப் பாம்புகளைப் பற்றியது. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தபோது, அறிவியலும் பாசமும் ஒரே உயிரில் சேர முடியும் என்று காட்டினார். கரும்பாம்புக்கு அப்படி ஒருவர் இன்னும் வேண்டும். பாதைகள் வெட்டும் வெற்றுப் புள்ளியில் வாழ்கிற, சூரியனும் நிலவும் ஒருசேர அங்கே வந்தால் மட்டும் வெளிப்படுகிற, எப்போது வரும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு சிறுமி கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒரு விலங்கு. அதன் உணவு, நெருப்பு, எல்லை எல்லாவற்றுக்கும் விதி வகுத்து, அந்த விதியை மீறாமல் முந்நூறு பக்கம் எழுதுங்கள். பதிப்பாளர்கள் அதற்கு நல்ல ஓவியரையும், கணக்கைச் சரிபார்க்க ஓர் அறிவியல் ஆசிரியரையும் துணைக்குத் தாருங்கள்.